ஹைபிரிட் படகுக்குக் கார் கணக்குப் போடாதீர்கள்

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் படகு வயரிங் வேலை பார்க்கிறேன். இப்போதெல்லாம் பட்டறைக்கு வருபவர்களில் மாதத்துக்கு ஒருவராவது, "அண்ணே, ஹைபிரிட் போட்டா டீசல் பாதியாக் குறையுமாமே?" என்று கேட்டுவிடுகிறார். ஹைபிரிட் என்றால் டீசல் எஞ்சினோடு மின் மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்த படகு. கேட்பவர் பெரும்பாலும் கடல் தொழில் செய்பவர் இல்லை. வெளிநாட்டில் சம்பாதித்துவிட்டு ஊர் திரும்பி, கீழக்கரைப் பக்கமோ தொண்டிப் பக்கமோ ஒரு 24 அடி ஃபைபர் படகு வாங்கி, லீவு நாளில் பிள்ளைகளோடு ஒரு சுற்று போய் வர ஆசைப்படுகிறவர். ஆசை நல்ல ஆசைதான். ஆனால் டீசல் குறையுமா என்றால் குறையலாம், அப்படியே இருக்கலாம், சில படகுகளில் கூடவும் செய்யும். நீங்கள் எப்படி ஓட்டுவீர்கள் என்று தெரியாமல் யாரும் இதற்குப் பதில் சொல்ல முடியாது, சொன்னால் அவர் விற்கிறார் என்று அர்த்தம்.

முதலில் கார் நினைப்பை விடுங்கள். ஹைபிரிட் கார் மதுரை டிராஃபிக்கில் மிச்சம் பிடிப்பது, பிரேக் போடும்போது வீணாகிற சக்தியைப் பிடித்து பேட்டரிக்குள் போடுவதால். சிக்னலுக்கு சிக்னல் நின்று நின்று போகிற வண்டிக்கு அது பெரிய வரவு. படகுக்கு ஏது பிரேக்? த்ராட்டிலை இறக்கினால் தண்ணீரே படகைப் பிடித்து நிறுத்திவிடும், அந்தச் சக்தி திரும்பி வராது. (பாய் கட்டிய படகு மட்டும் விதிவிலக்கு. பாயில் ஓடும்போது ப்ரொபெல்லர் தண்ணீரில் தானாகச் சுற்றிக் கொஞ்சம் சார்ஜ் ஏற்றும், அதற்குப் பதிலாகப் படகின் வேகத்தில் கொஞ்சம் பிடுங்கிக்கொள்ளும்.) இன்னொன்று, படகு எஞ்சின் ஒரே சீரான சுமையில் மணிக்கணக்காக ஓடுவது. சரியான ப்ரொபெல்லர் போட்டு ஓட்டினால் டீசல் எஞ்சின் ஏற்கெனவே தனக்குப் பிடித்த இடத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே போய் டீசலைக் கரண்டாக்கி, கரண்டை மோட்டாருக்குக் கொடுத்து, மோட்டார் ஷாஃப்ட்டைச் சுற்றினால், ஜெனரேட்டரில் கொஞ்சம், கன்ட்ரோலரில் கொஞ்சம், மோட்டாரில் கொஞ்சம் என்று பத்து முதல் இருபது சதவீதம் வழியிலேயே போய்விடும். கியர்பாக்ஸில் போவது மூன்று, நான்கு சதவீதம்தான். அதனால்தான் எந்நேரமும் ஜெனரேட்டரை ஓட்டிக்கொண்டு போகிற சீரியல் ஹைபிரிட் படகு, சாதாரண டீசல் படகைவிட அதிகம் குடிக்கிறது. வாங்கியவர் வந்து என்னிடம் சண்டை போடுகிறார்.

அப்போ லாபமே இல்லையா? இருக்கிறது, மெதுவாகப் போகும் இடத்தில். அதுதான் முழு விஷயமும்.

24 அடிப் படகில் தண்ணீரைத் தொடும் நீளம் 22 அடி என்று வைத்துக்கொண்டால், தண்ணீரைக் கிழித்துப் போகும் சாதாரண அடிப்பாகத்துக்குச் சுமார் 6 நாட், அதாவது மணிக்கு 11 கிலோமீட்டர்தான் இயல்பான உச்சம். வேகம் கூடக் கூடத் தேவைப்படும் சக்தி சும்மா இரண்டு மடங்கு மூன்று மடங்காக ஏறாது, ஏறக்குறைய வேகத்தின் மும்மடிக் கணக்கில் எகிறும். 4 நாட் போக ஒன்றரை கிலோவாட் கேட்கும் படகு, 6 நாட் போக ஐந்து கிலோவாட் கேட்கும். இப்போது 10 யூனிட் (ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்) லித்தியம் பேட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயுளைக் காப்பாற்ற 8 யூனிட் மட்டும் எடுப்போம். 4 நாட்டில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓடும், கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர். 6 நாட்டில் ஒன்றரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும், 18 கிலோமீட்டர்கூட முழுசாக வராது. விளம்பரத் தாளில் முதல் பக்கத்தில் இருப்பது 40, படகை வாங்கியவர் ஓட்டுவது இரண்டாவது கணக்கில். இந்த ஒரு தவற்றுக்கே பாதி சண்டைகள்.

அந்த பேட்டரி எடை சுமார் 100 கிலோ. அது தரும் வேலையை டீசலில் சொன்னால் இரண்டரை லிட்டர். ஒரு லிட்டர் டீசலில் 10 யூனிட் அளவுக்குச் சக்தி இருக்கிறது, எஞ்சின் அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் ஷாஃப்ட்டுக்குக் கொண்டுவருகிறது என்றாலும் இவ்வளவு வித்தியாசம். லெட் ஆசிட் பேட்டரி மலிவாகக் கிடைக்கிறதே என்று போகாதீர்கள், அதைப் பாதிக்கு மேல் காலி செய்தால் சீக்கிரம் செத்துவிடும், அதே 8 யூனிட் வேண்டுமென்றால் நானூறு ஐந்நூறு கிலோ ஏற்ற வேண்டும். ஏற்றுகிற எடையை இடம் இருக்கிறதென்று கடையால் (படகின் பின்பகுதி) பக்கம் மொத்தமாக வைப்பதும் நடக்கிறது. கடையால் அமுங்கி, அணியம் என்கிற முன்பகுதி வானத்தைப் பார்க்கும், மிச்சமான டீசல் அங்கே போய்விடும். நடுவில், தாழ்வாக வையுங்கள்.

அடுத்தது நம் கடல். கொச்சியில் மின்சாரப் படகு ஓடவில்லையா என்று கேட்பார்கள். ஓடுகிறது. வைக்கத்தில் 2017 முதல் 'ஆதித்யா' சூரிய சக்திப் படகு ஓடுகிறது, கொச்சி வாட்டர் மெட்ரோ 2023 ஏப்ரலில் தொடங்கியது. அது காயல் தண்ணீர், போகும் வழி தெரிந்த வழி, ஜெட்டியில் சார்ஜர் நிற்கிறது, தினமும் நாள் முழுக்க ஓட்டம், போட்ட காசு திரும்புகிறது. நம் பக்கம் பாம்பன் பாலத்தடியில் பாக் நீரிணைக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் நடுவே நீவாடு (நீரோட்டம்) இழுக்கும் நாளில் போய்ப் பாருங்கள். இரண்டு நாட் எதிர் நீரோட்டத்தில் 4 நாட் படகு தரையைப் பார்த்தால் 2 நாட்தான் நகர்கிறது, அதே தூரத்துக்கு பேட்டரி இரண்டு மடங்கு வேண்டும். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், வாடை மாதங்களில் வடகடலான பாக் நீரிணை. மீனவர்கள் சீசனுக்குத் தகுந்தாற்போல் கரை மாற்றித் தொழில் செய்வது இதனால்தான். வாங்குகிறவர் ஜனவரிக் காலையில் குந்துகால் பக்கம் கண்ணாடி மாதிரி கிடக்கிற கடலில் சோதனை ஓட்டம் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார். ஜூனில் ஒருமுறை அதே இடத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொடுத்திருக்கலாம்.

சரி, இப்போது என் மாப்ள கதை. தொண்டியில் இருக்கிறான். "ஒரு எஞ்சின் போனா இன்னொன்னு இருக்கும்ல, கடல்ல அதுதானே தைரியம்" என்று சொல்லி, டீசலும் மோட்டாரும் ஒரே ஷாஃப்ட்டில் சேர்கிற பேரலல் ஹைபிரிட் வாங்கினான். விற்ற கம்பெனிக்காரரும் அதையேதான் சொன்னார், இரண்டு உயிர் என்று. மூன்றாவது மாதம், கரையிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி, அறுந்து மிதந்த நைலான் வலைத்துண்டும் கடல் தாழையும் (கடற்புல்) சேர்ந்து ப்ரொபெல்லரில் சுற்றிக்கொண்டன. டீசலை நிறுத்திவிட்டு மோட்டாரைப் போட்டான். மோட்டார் ஒரு உறுமல் உறுமியது, பேட்டரியைக் காக்கிற பிஎம்எஸ் ஓவர்லோடு பார்த்து மொத்தத்தையும் வெட்டிவிட்டது, டீசலை ஸ்டார்ட் செய்யவும் அதே பேட்டரியிலிருந்துதான் லைன் எடுத்திருந்தார்கள், அதனால் அதுவும் இல்லை, லைட் இல்லை, ஜிபிஎஸ் இல்லை. இரண்டு உயிரும் ஒரே நேரத்தில் போனது. வத்தை என்கிற சின்னப் படகில் வந்த ஒரு பெரியவர் பார்த்துவிட்டுக் கயிறு கட்டி இழுத்துவந்தார். கரைக்கு வந்ததும் அவர் கேட்டது, "ஏன் தம்பி, ரெண்டு எஞ்சின் இருந்து என்ன, காத்தாடி ஒண்ணுதானே?" கம்பெனியில் ஒருவர்கூட அவனிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

ஆகவே இரண்டாவது எஞ்சின் காப்பு என்று நம்புவதற்கு முன் எதெல்லாம் பொதுவாக இருக்கிறது என்று எண்ணுங்கள். ப்ரொபெல்லர், ஷாஃப்ட், ஸ்டார்ட்டிங் பேட்டரி, சுவிட்ச். ஸ்டார்ட்டிங் பேட்டரியும் ரேடியோவும் தனி லைனில் இருந்தே ஆக வேண்டும், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

உப்பைப் பற்றிச் சொல்லாமல் என் தொழிலே இல்லை. 48 வோல்ட்டில் ஐந்து கிலோவாட் எடுத்தால் வயரில் 100 ஆம்பியருக்கு மேல் ஓடுகிறது. வீட்டுச் செம்புக் கேபிளை வெட்டி, முனையில் மாட்டும் லக்கைச் சுத்தியலால் தட்டி, மேலே டேப் சுற்றிவிட்டுப் போகிறார்கள். ஆறு மாதம் கழித்து அந்த டேப்பை உரித்தால் உள்ளே பச்சைப் பொடி, கம்பி கறுத்து, தொட்டால் இழை இழையாக உதிரும். அந்த இடம் முதலில் சூடாகும், அப்புறம் உருகும். வெள்ளீயம் பூசிய மரைன் கேபிள், ஹைட்ராலிக் கிரிம்பிங், பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ், இவற்றில் மிச்சம் பிடிக்காதீர்கள். கரையில் சார்ஜ் போடும் லைனுக்கு ஈஎல்சிபி (கரண்ட் கசிந்தால் லைனை வெட்டிவிடும் சுவிட்ச்) கட்டாயம், ஈரக்காலோடு அதைத் தொடப்போவது உங்கள் பிள்ளைகள். சித்திரை வெயிலில் மூடிய ஃபைபர் பெட்டிக்குள் பேட்டரியை வைத்தால் இன்னொரு கூத்து நடக்கும். 45 டிகிரிக்கு மேல் போனால் பல லித்தியம் பேட்டரிகளில் பிஎம்எஸ் சார்ஜ் ஏற்றவே விடாது, ஆள் வந்து "சார்ஜர் ரிப்பேர்" என்பார். பெட்டியைத் திறந்து நிழலில் காற்றாட விட்டால் தானாகச் சரியாகும்.

மேலே சோலார் தட்டு போட்டால் போதும் என்பதும் அடிக்கடி கேட்பது. 400 வாட் தட்டு நான்கு, நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு ஆறு ஏழு யூனிட். வாரத்தில் ஒரு நாள் ஓட்டுகிறவருக்கு அது தாராளம், தினமும் ஓட்டுகிறவருக்குக் காணாது. கூரையாகப் போட்டால் காற்றைப் பிடிக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

காசு கணக்கு சின்னது. வருடத்துக்கு 100 மணி நேரம் ஓட்டுகிறீர்கள், மணிக்கு 2 லிட்டர், மொத்தம் 200 லிட்டர். டீசலே மொத்தமாக இருபதாயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது. அதில் பாதியை மிச்சம் பிடிக்கப் பல லட்சம் போடுவது கணக்கே இல்லை. ஹைபிரிட் போட்டுவிட்டால் டீசல் எஞ்சினை மறந்துவிடுவது வேறு. ஓடாத எஞ்சின் கெடும், டேங்கில் தண்ணீர் இறங்கும், ஃபில்டர் அடைக்கும். வாரம் ஒருமுறை சுமையோடு ஓட்ட வேண்டும், ஆயில் மாற்ற வேண்டும். பராமரிப்பு ஒன்று குறையவில்லை, ஒன்று கூடியிருக்கிறது.

காசுக்காக இல்லாமல் அமைதிக்காக வாங்குகிறீர்களா, தாராளமாக வாங்குங்கள். காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்குள் புகையும் உதறலும் இல்லாமல் போகும்போது நாரை இறக்கை அடிக்கிற சத்தம் கேட்கும். அங்கே டீசலை ஐட்லிங்கில் உருட்டினால் எஞ்சினுக்கும் நல்லதில்லை, கரி பிடிக்கும், உங்களுக்கும் நல்லதில்லை. ஆனால் சத்தமில்லை என்பதற்காக எங்கும் போகலாம் என்று நினைத்துவிடாதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்வாழ் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது, மோட்டார் எதுவானாலும் அதே சட்டம்தான். ஆவுளியா (கடல் பசு) மேய்கிற தாழைப் படுகையை மின்சார ப்ரொபெல்லரும் அதே மாதிரிதான் வெட்டும். அரியமான் மாதிரிக் குளிக்கிற கரைகளில் இன்னும் கவனம், படகு வருவது தண்ணீரில் இருப்பவர் காதில் விழாது, மோட்டாரோ தொட்டவுடன் முழு வேகத்தில் திருகும். இழுத்தால் மோட்டாரை நிறுத்திவிடும் கில் சுவிட்ச் கயிறு கையில் இருக்கட்டும்.

மாப்ள கடைசியில் அந்த மோட்டாரைக் கழற்றி விற்றுவிட்டான். டீசலை அப்படியே வைத்துக்கொண்டு, கடையாலில் தனியாக ஒரு சின்ன எலக்ட்ரிக் அவுட்போர்ட் (தனி ப்ரொபெல்லரோடு வெளியே தொங்கும் மோட்டார்) மாட்டினான், அதற்குத் தனி பேட்டரி, காட்டுக்குள் மட்டும் அதில் போகிறான். போன மாசியில் அதிலும் வலை சுற்றியது. அவுட்போர்ட்டைத் தூக்கி வைத்துவிட்டு டீசலில் கரைக்கு வந்து, திண்ணையில் உட்கார்ந்து கத்தியால் ஒவ்வொரு நூலாக அறுத்து எடுத்தான்.