சட்டையின் பின்பாகம்: டைலரிடம் என்ன சொல்ல வேண்டும்?

சட்டை தைக்கக் கொடுக்கும்போது காலர், கஃப், பாக்கெட் பற்றியெல்லாம் விரிவாகப் பேசும் நாம், பின்பாகத்தை டைலரின் பொறுப்பில் விட்டுவிடுகிறோம். கையை நீட்டினால் முதுகில் பிடிப்பதும், இன் செய்த பிறகு இடுப்பில் துணி உப்பி நிற்பதும் பெரும்பாலும் பின்பாகத்தின் வெட்டைப் பொறுத்தவை என்பதால், இதையும் நாமே யோசித்துச் சொல்வது நல்லது.

முதலில், இப்போது அணியும் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல் இரு கைகளையும் முன்னே நீட்டி, யாரையாவது முதுகைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். தோள்பட்டை எலும்புகளுக்கு இடையே துணி இழுபட்டுக் குறுக்குக் கோடுகள் விழுந்தால், அங்கே அகலம் போதவில்லை, பிளீட் (கை அசையும்போது விரிந்து கொடுக்கும் துணி மடிப்பு) வேண்டும் என்று பொருள். நடுவில் பெட்டிபோல் இரு மடிப்புகளாக வரும் பாக்ஸ் பிளீட் பார்வைக்கு எடுப்பானது; சாதாரண உடைக்குப் பொருந்தும். ஆனால் எலும்பு புடைத்து அசையும் இடம் நடு முதுகு அன்று, அதன் இரு பக்கங்களும்தான். ஆகவே அலுவலகச் சட்டைக்கு, அந்த எலும்புகளுக்கு நேராக, யோக்கின் (தோள்களையும் மேல் முதுகையும் மூடும் துண்டு) கீழ், பக்கத்துக்கு ஒன்றாக வரும் இரண்டு சிறிய பிளீட்டுகளையே நான் பரிந்துரைப்பேன். கோட்டுக்குள்ளும் அவை தடித்துத் தெரியாது. கோடு எதுவும் விழாத ஒல்லியான, நிமிர்ந்த முதுகுக்குப் பிளீட் இல்லாத பின்பாகமே அழகு.

பிளீட்டுக்கான துணி வெட்டும்போதே சேர்க்கப்பட வேண்டும். பின்னர் சேர்க்க வழியில்லை. இடுப்பில் உப்பும் துணியை மடித்துப் பிடித்துத் தைக்கும் டாட் அப்படியன்று, சட்டையைத் தைத்து முடித்த பிறகும் போடலாம். மடித்த நிலையில் அரை அங்குல ஆழமுள்ள ஒரு டாட் 1 அங்குலத் துணியை எடுத்துக்கொள்ளும் என்பதால், இரண்டு டாட் போட்டால் இடுப்புச் சுற்றில் 2 அங்குலம் குறையும். எனவே முதல் சட்டையை டாட் இல்லாமல் தைத்து, துவைத்துச் சுருங்கிய பிறகு, உட்கார்ந்தும் எழுந்தும் பார்த்துவிட்டு டாட்டை முடிவு செய்யுங்கள்.

யோக்கை ஒரே துண்டாக வெட்டுவதே எளிது. ஒரு தோள் மற்றதைவிடத் தாழ்ந்திருப்பவர்கள் மட்டும் நடுவில் தையல் வரும் இரு துண்டு யோக் கேட்கலாம். அப்போது ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே சரிசெய்ய முடியும். கோடு போட்ட துணியில் இத்துண்டுகளைக் கிராஸாக (சாய்வாக) வெட்டினால், கோடுகள் நடுத்தையலில் அம்புமுனைபோல் கூடும். அவை இரு பக்கமும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதை டிரயல் பார்க்கும்போது கவனியுங்கள். யோக்கைப் பிரித்து மாற்றுவதானால், காலரையும் கையையும் பொருத்துவதற்கு முன்பே மாற்றுவது எளிது.