பவர் பட்டன் வேலை செய்தால் முடிந்துவிட்டதா? யுனிவர்சல் ரிமோட் செட்டப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புது யுனிவர்சல் ரிமோட்டைப் பிரித்து, பேட்டரி போட்டு, கூட வந்த தாளில் உள்ள கோட் நம்பரைத் தட்டி, பவரை அழுத்துகிறோம். டிவி ஆஃப் ஆகிறது, மறுபடி அழுத்தினால் ஆன் ஆகிறது. சரி, முடிந்தது என்று தாளைத் தூக்கிப் போட்டுவிடுகிறோம். தவறு அங்கேதான் தொடங்குகிறது. சாயங்காலம் சீரியல் பார்க்க உட்காரும் அம்மாவுக்கு டிவி ஆன் ஆகிறது, ஆனால் சோர்ஸ் பட்டன் வேலை செய்யாததால் எச்டிஎம்ஐ-க்குப் போக முடியவில்லை, மெனு வருகிறது, ஓகே அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டே நாளில் பழைய ரிமோட்டுகள் எல்லாம் திரும்ப சோபாவுக்கு வந்துவிடும், புதுசு அலமாரிக்குப் போய்விடும்.

ஒரே பிராண்டுக்குக் கோட் பட்டியலில் ஐந்தாறு எண்கள் இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு நிறுவனம் ஆண்டுக்கணக்கில் விட்ட மாடல்களில் பவரும் வால்யூமும் பெரும்பாலும் ஒரே சிக்னலாக இருக்கும், சோர்ஸ், மெனு, அம்புக்குறி, பேக் போன்றவை மாடலுக்கு மாடல் மாறும். அதனால் தப்பான கோட் போட்டாலும் பவர் வேலை செய்யும். சோதிக்க வேண்டியது அந்த மற்ற பட்டன்களைத்தான். சோர்ஸ், மெனு, நான்கு அம்புகள், ஓகே, பேக், ம்யூட், 0 முதல் 9 வரை எண்கள், இவை எல்லாவற்றையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ஏதாவது ஒன்று ஓடவில்லை என்றால் அடுத்த கோட். முழுதாக ஒத்துப்போகும் எண் கிடைத்ததும் அதை ஒரு துண்டுத் தாளில் எழுதி பேட்டரி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இதற்கு முன்பே, கடையில் நடக்கும் தவறு ஒன்று இருக்கிறது. வீட்டில் உள்ள எந்தெந்தச் சாதனம் இன்ஃப்ராரெட் சிக்னலுக்குக் கட்டுப்படும் என்று பார்க்காமலேயே ரிமோட் வாங்குவது. சாதாரண யுனிவர்சல் ரிமோட்டுக்குத் தெரிந்தது இன்ஃப்ராரெட் என்ற கண்ணுக்குத் தெரியாத ஒளி மட்டும்தான். ஃபயர் டிவி ஸ்டிக்கில் இன்ஃப்ராரெட் ரிசீவரே கிடையாது, அதன் ரிமோட் ஸ்டிக்கோடு புளூடூத்தில் பேசுகிறது, டிவியின் பவருக்கும் வால்யூமுக்கும் மட்டும் இன்ஃப்ராரெட் அனுப்புகிறது. அப்புறம் எந்தக் கோடைப் போட்டு என்ன, ஸ்டிக் அசையாது. வாய்ஸ் ரிமோட்டோடு வரும் பல டிவிகளிலும் பாக்ஸ்களிலும் இதே கலவை உண்டு: பவர் இன்ஃப்ராரெட்டில், மைக்கும் சுட்டியும் புளூடூத்தில். கண்டுபிடிக்க எளிய வழி, ஒரிஜினல் ரிமோட்டின் முன்பக்கத்தைக் கையால் நன்றாகப் பொத்திக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்த்து அழுத்துங்கள். அப்போதும் வேலை செய்யும் பட்டன்கள் புளூடூத் அல்லது வைஃபை வழியாகப் போகின்றன, அவற்றை சாதா யுனிவர்சல் ரிமோட்டால் தொடவே முடியாது. இப்படிப்பட்ட வீட்டில் வேலையைத் தலைகீழாகச் செய்வது நல்லது. ஸ்டிக்கின் ரிமோட்டையே வைத்துக்கொண்டு, அதன் செட்டிங்ஸில் உள்ள சாதனக் கட்டுப்பாட்டுப் பகுதியில் டிவியையும் சவுண்ட்பாரையும் சேர்த்துவிடுங்கள். தனி ரிமோட் வாங்கும் காசு மிச்சம்.

உடைந்தது டிவி ரிமோட் ஒன்று மட்டும்தான் என்றால் யுனிவர்சலே வேண்டாம் என்பது என் கருத்து. அந்த பிராண்டுக்கு என்றே செய்த மாற்று ரிமோட் எல்லா எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கிறது, அதில் கோட் போடும் வேலையே இல்லை. ஆனால் அசெம்பிள் செய்த எல்இடி டிவி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். அதன் முகப்பில் எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் உள்ளே இருப்பது பொது போர்டு, ரிமோட் அந்தப் போர்டுக்குத்தான் பொருந்தும். பெயரைச் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் கையை விரிப்பார். பழைய ரிமோட்டை, உடைந்திருந்தாலும் பரவாயில்லை, கையோடு கொண்டுபோங்கள். பட்டன் அமைப்பைப் பார்த்தே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

கோட் நம்பர் விஷயத்தில் பலரும் நினைப்பது, அது டிவிக்குச் சொந்தமான எண் என்று. அப்படியில்லை, அது ரிமோட் செய்தவர் தன் பட்டியலில் போட்டுக்கொண்ட வரிசை எண். ஒரு ரிமோட்டில் உங்கள் டிவிக்கு நான்கு இலக்க எண் இருக்கும், இன்னொன்றில் அதே டிவிக்கு மூன்று இலக்கம், வேறொன்றில் ஐந்து. ஆகவே இணையத்தில் டிவி பெயரைப் போட்டுத் தேடிக் கிடைத்த எண்ணைத் தட்டி அரை நாள் போராடுவதில் அர்த்தமில்லை. தேட வேண்டியது ரிமோட்டின் மாடல் எண்ணை. பட்டியல் பழையதாக இருந்தால் பெயரும் பழசாக இருக்கும்: டாடா பிளே 2022 ஜனவரி வரை டாடா ஸ்கை என்ற பெயரில்தான் இருந்தது, அதனால் அந்தப் பெயரிலும் பாருங்கள். உள்ளூர் கேபிள் பாக்ஸ் எந்தப் பட்டியலிலும் இல்லாமல் போனாலும் ஆச்சரியப்பட வேண்டாம், அதற்கு ஒரிஜினல் ரிமோட்டின் சிக்னலைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் லேர்னிங் வசதிதான் வழி. பிரிவையும் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். செட்டாப் பாக்ஸை டிவி பட்டனுக்குக் கீழே தேடினால் கிடைக்காது, கேபிள் அல்லது சாட்டிலைட் பட்டனுக்குக் கீழேதான் இருக்கும். பழைய ஹோம் தியேட்டர் டிவிடியோடு சேர்ந்தது என்றால் சில பட்டியல்கள் அதை ஆடியோவில் வைக்கும், சில டிவிடியில்.

ஆட்டோ சர்ச்சில் தவறு பெரும்பாலும் அவசரத்தால் வருகிறது. ரிமோட் ஒவ்வொரு கோடாக அனுப்பிக்கொண்டே போகும், டிவி ஆஃப் ஆன அந்த நொடியில் நிறுத்தும் பட்டனை அழுத்தாவிட்டால் அடுத்த கோடுக்குத் தாவிவிடும். கையேட்டில் பின்னால் போகும் வழி இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்து வையுங்கள். பவருக்குப் பதிலாக வால்யூம் அல்லது சேனல் பட்டனை வைத்துத் தேட முடிந்தால் இன்னும் நல்லது, டிவி ஆஃப் ஆகி ஆன் ஆகும் நேரம் மிச்சமாகும். ரிமோட்டை டிவியைப் பார்த்தபடியே அசையாமல் வைத்திருங்கள். கையேட்டைப் படித்துக்கொண்டே பட்டனைத் தேடினால் சில விநாடிகளில் ரிமோட் செட்டப் நிலையை விட்டு வெளியே வந்துவிடும், நீங்கள் உள்ளே இருப்பதாக நினைத்து எண்களைத் தட்டிக்கொண்டிருப்பீர்கள், டிவியில் சேனல் மாறிக்கொண்டிருக்கும்.

லேர்னிங் ரிமோட் என்றால் கதை வேறு. ஒரிஜினல் ரிமோட்டின் சிக்னலை இது பார்த்துக் கற்றுக்கொள்கிறது, ஆகவே பட்டியலில் இல்லாத சாதனத்துக்கும் பயன்படும். இரண்டையும் மேசையில் மூக்கோடு மூக்கு வைத்து, நடுவே இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். ஒட்டி வைத்தாலும் சிக்னல் கெடும், தள்ளி வைத்தாலும் கெடும். ஜன்னல் வெயில் படும் இடமோ சிஎஃப்எல், ட்யூப் லைட்டுக்கு நேர் கீழோ வேண்டாம், அவற்றின் ஒளியும் ரிசீவரைக் குழப்பும். ஒரிஜினல் ரிமோட்டில் பேட்டரி இறங்கிப்போயிருந்தால் முதலில் மாற்றுங்கள், மங்கலான சிக்னலைப் படித்த ரிமோட் அந்த மங்கலையே கற்றுக்கொள்ளும்.

அடுத்தது, எவ்வளவு நேரம் அழுத்துவது. கையேடு வேறு மாதிரிச் சொல்லாதவரை குறுக அழுத்தி விடுங்கள். பல நிறுவனங்கள் பயன்படுத்தும் என்இசி என்ற சிக்னல் முறையில், பட்டனை அழுத்திப் பிடித்தால் முழுக் கட்டளை ஒருமுறைதான் போகும், அதன்பின் சுமார் 110 மில்லி விநாடிக்கு ஒருமுறை 'அதே கட்டளைதான்' என்கிற குட்டி சிக்னல் மட்டும் போகும். மலிவான லேர்னிங் ரிமோட் அந்தக் குட்டி சிக்னலைப் பிடித்துக்கொண்டால் பட்டன் கற்றதாகக் காட்டும், டிவி அசையாது. பிலிப்ஸின் ஆர்சி-5 முறையில் வேறொரு சிக்கல். அதன் 14 பிட்டுகளில் ஒன்று, ஒவ்வொரு புது அழுத்தலுக்கும் 0, 1 என்று மாறி மாறி வரும், பட்டனைப் பிடித்தே வைத்திருக்கிறீர்களா, விட்டு மறுபடி அழுத்தினீர்களா என்று டிவி அதை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறது. அப்படியே நகல் எடுத்த ரிமோட்டில் அந்த பிட் மாறாது. சேனல் 11-க்குப் போக 1, 1 என்று தட்டினால் ஒரே ஒரு 1 மட்டும் விழும். ரிமோட் கெட்டுப்போய்விட்டது என்று நினைக்க வேண்டாம், அந்த டிவிக்குப் பட்டியலில் உள்ள கோடைத்தான் போட வேண்டும்.

ஏசியையும் இதே ரிமோட்டில் சேர்த்துவிடலாமே என்று ஆசை வரும். ஏசி ரிமோட் ஒவ்வொரு அழுத்தலுக்கும் வெப்பநிலை, மோடு, ஃபேன் வேகம் என்று மொத்த நிலையையும் ஒன்றாக அனுப்புகிறது. 'ஒரு டிகிரி கூட்டு' என்று தனிக் கட்டளை அங்கே இல்லை. சிக்னலும் நீளம் என்பதால் பல மலிவு ரிமோட்டுகளால் அதைப் பிடிக்கவே முடியாது. முடிந்தாலும் '24, கூல்' என்று வைத்து ஒரு பட்டனில், ஆஃப் இன்னொரு பட்டனில், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எல்லாக் கோடும் சரியாக விழுந்த பிறகும் வீட்டில் உள்ளவர்களுக்கு ரிமோட் பிடிக்காமல் போவதற்குக் காரணம், எந்தப் பட்டன் யாருக்கு என்று முடிவெடுக்காததுதான். நம் வீடுகளில் சேனலும் எண்களும் பாக்ஸுக்குப் போக வேண்டும், வால்யூம் டிவிக்கு, சவுண்ட்பார் இருந்தால் அதற்கு. இதைச் சொல்லிக் கொடுக்காவிட்டால் ஒவ்வொரு முறையும் டிவி, பாக்ஸ் என்று மோடு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், தாத்தா அதைச் செய்யப் போவதில்லை. சில ரிமோட்டுகளில் வால்யூம் லாக் என்று ஒரு வசதி உண்டு, எந்த மோடில் இருந்தாலும் வால்யூமும் ம்யூட்டும் ஒரே சாதனத்துக்குப் போகும். அது இல்லாவிட்டால் பாக்ஸ் மோடில் உள்ள வால்யூம் பட்டனுக்கே டிவியின் சிக்னலைக் கற்றுக்கொடுங்கள். பாக்ஸின் சொந்த வால்யூமை முழுதாக ஏற்றி வைத்துவிட்டு அதன்பின் அதைத் தொடாமல் இருப்பது முக்கியம், இரண்டு இடத்தில் வால்யூம் இருந்தால் எதில் குறைந்தது என்று தேடிக்கொண்டே இருப்பீர்கள்.

எல்லாவற்றையும் ஒரே பட்டனில் ஆன் செய்யும் மேக்ரோ என்ற வசதியை ரிமோட் பெட்டியின் மேல் பெரிதாக எழுதியிருப்பார்கள். அதில் ஒரு கண்ணி உண்டு. பல சாதனங்களின் பவர் சிக்னல் ஆன், ஆஃப் இரண்டுக்கும் ஒன்றேதான். ராத்திரி சுவிட்ச்போர்டில் மெயினை அணைத்துவிட்டுப் படுப்பவர்கள் நாம், கரண்ட் போய் வருவதும் உண்டு. மறுபடி மின்சாரம் வந்ததும் பாக்ஸ் தானே எழுந்துவிடும், டிவி ஸ்டாண்ட்பையில் நிற்கும். அப்போது மேக்ரோவை அழுத்தினால் டிவி ஆன், பாக்ஸ் ஆஃப். திரும்ப அழுத்தினால் அப்படியே எதிர்மாறு. உங்கள் டிவிக்கு ஆன் தனியாக, ஆஃப் தனியாகக் கோட் இருக்கிறதா என்று பாருங்கள், ஒரிஜினல் ரிமோட்டில் அப்படிப் பட்டன் இல்லாவிட்டாலும் பல டிவிகள் அதைப் புரிந்துகொள்ளும். பாக்ஸுக்கு அது கிடைக்காவிட்டால் அதை மேக்ரோவில் சேர்க்காமல் விட்டுவிடலாம், தனிப் பட்டனாக இருந்துவிட்டுப் போகட்டும்.

சாதனங்கள் எச்டிஎம்ஐ-யில் இணைந்திருந்தால், அந்தக் கேபிள் வழியாகவே ஒரு சாதனம் இன்னொன்றைக் கட்டுப்படுத்தும் சி.இ.சி. என்ற வசதியை முதலில் முயற்சி செய்து பாருங்கள். சாம்சங் அதை எனிநெட் பிளஸ் என்கிறது, எல்ஜி சிம்ப்லிங்க், சோனி பிராவியா சிங்க். டிவி செட்டிங்ஸில் அதை ஆன் செய்து, சவுண்ட்பாரை ஆர்க் என்று எழுதிய போர்ட்டில் சொருகினால் டிவி ரிமோட்டே சவுண்ட்பாரின் வால்யூமையும் பார்த்துக்கொள்ளும். எல்லா டிடிஎச் பாக்ஸும் இதற்கு ஒத்துழைக்காது, ஸ்டிக்கும் சவுண்ட்பாரும் பெரும்பாலும் ஒத்துழைக்கும்.

ரிமோட் சரி, கோடும் சரி, ஆனாலும் சாதனம் கேட்கவில்லை என்றால் ரிசீவர் கண்ணைப் பாருங்கள். டிவிக்கு முன்னால் வைத்த சவுண்ட்பார் டிவியின் கண்ணை மறைத்துக்கொண்டு நிற்பது ரொம்ப சாதாரணம். பாக்ஸ் டிவிக்குப் பின்னால் இருந்தால் ஐஆர் (இன்ஃப்ராரெட்) நீட்டிப்பு கேபிள் வேண்டும். ரிமோட்டே சிக்னல் அனுப்புகிறதா என்று பார்க்க, மொபைலின் செல்ஃபி கேமராவை அதன் முனையில் காட்டிப் பட்டனை அழுத்தினால் ஊதா ஒளி தெரியும். பின்கேமராவில் பெரும்பாலும் வடிகட்டி இருப்பதால் அதில் தெரியாமல் போகலாம்.

மொபைல் ஆப்பை நம்பி, அதன் கட்டளையை இன்ஃப்ராரெட்டாக மாற்றி அனுப்பும் வைஃபை ஐஆர் பிளாஸ்டர் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: அவற்றில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில்தான் சேரும், 5 கிகாஹெர்ட்ஸில் சேராது. டிவி அலமாரியின் கதவுக்குள் வைத்தால் சிக்னல் வெளியே வராது. பழைய லாஜிடெக் ஹார்மனி யுனிவர்சல் ரிமோட் செகண்ட் ஹேண்டில் வந்தால் யோசித்து வாங்குங்கள், தயாரிப்பை 2021 ஏப்ரலில் நிறுத்திவிட்டார்கள், அதன் செட்டப் நிறுவனத்தின் சர்வரை நம்பியது.

இனி பேட்டரி மூடிக்குள் ஒட்டச் சொன்ன தாள். சில மலிவு ரிமோட்டுகள் பேட்டரியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் வைத்தாலே கோடையெல்லாம் மறந்துவிடும். புது பேட்டரியைக் கையில் வைத்துக்கொண்டுதான் பழையதைக் கழற்ற வேண்டும், அப்படியும் மறந்தால் தாளில் எண் இருக்கிறது. கற்றுக்கொடுத்த சிக்னல் போய்விட்டால் தாள் உதவாது, ஒரிஜினல் ரிமோட்தான் வேண்டும். சவுண்ட்பாரின் புளூடூத் ஜோடி சேர்ப்பு, பாக்ஸின் ரீசெட் போன்ற வேலைகளும் பல நேரம் அதைத்தான் கேட்கும். ஆகவே பழைய ரிமோட்டுகளில் உள்ள பேட்டரிகளைக் கழற்றிவிட்டு, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எந்த ரிமோட் எதனுடையது என்று எழுதி வையுங்கள். பேட்டரியோடு போட்டு வைத்தால் ஒழுகி ஸ்பிரிங்கை அரித்துவிடும்.