ஆபீஸ்ல யாராவது இனத்த வெச்சு பேசிட்டா: நாம வழக்கமா பண்ற தவறுகள்

சிங்கப்பூர் வந்து 11 வருஷம் ஆச்சு. இங்க மூஞ்சிக்கு நேரா யாரும் திட்டறதில்ல, அது உண்மைதான். ஆனா 2020 கணக்கெடுப்புப்படி சீனர் 74 சதவீதம், மலாய்க்காரங்க 13.5, இந்தியர் 9ன்னு இருக்கற ஊர்ல பத்து பேர் டீம்னா நம்மாளு பல இடத்துல ஒருத்தர்தான், அந்த ஒருத்தர் மேல ஒரு வார்த்தை விழுந்தா மிச்ச ஒன்பது பேரும் அடுத்த நிமிஷம் என்ன பண்றாங்கங்கறதுலதான் எல்லாமே இருக்கு.

பெரிய தவறு, கூட சேந்து சிரிச்சு வைக்கறது. முன்னாடி வேலை பார்த்த கம்பெனில மதுரைப் பக்கத்து தம்பி ஒருத்தன் புதுசா சேந்தான். ப்ரொஜெக்டர் போட லைட்ட அணைச்சதும் ஒருத்தர் அவன பாத்து "கொஞ்சம் சிரிப்பா, அப்பதான் எங்க உக்காந்திருக்கேன்னு தெரியும்"னார். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன், அவனும் சிரிச்சான். சாயங்காலம் எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன் வரைக்கும் ஒண்ணா நடந்து வந்தோம், எஸ்கலேட்டர்ல ஏறும்போது "அண்ணே, நீங்களும் சிரிச்சீங்கல்ல" அப்படின்னான், அவ்ளோதான், வேற எதுவும் கேக்கல. சொன்னவர விட நான் சிரிச்சதுதான் அவனுக்கு உறுத்தியிருக்கு. பெருசா லெக்சர் எல்லாம் வேண்டாங்க, அந்த இடத்துலயே "அப்படி பேசாதீங்க"ன்னு ரெண்டு வார்த்தை போதும், அத மறுநாள் தனியா கூப்ட்டு சொன்னா பாதிதான் போய் சேரும்.

அதுக்கு அடுத்தது, எல்லார் முன்னாடியும் பாதிக்கப்பட்டவர்கிட்டயே "நீ தப்பா எடுத்துக்கலல்ல?"ன்னு கேக்கறது. அவன் என்ன சொல்லுவான்? வேலை போனா இங்க தங்கி வேலை பாக்கற அனுமதி (ஒர்க் பாஸ்) கேன்சல், 30 நாள்ல மூட்டைய கட்டணும். "பரவால்ல"ன்னுதான் சொல்லுவான், அத சம்மதம்னு எடுத்துக்காதீங்க.

பேர் விஷயம் சின்னதா தெரியும். நம்ம ஆளுங்களுக்கு குடும்பப் பேர்னு ஒண்ணு கிடையாது, அப்பா பேர்தான் பின்னாடி ஒட்டியிருக்கும், சிஸ்டம் அத சர்நேம்னு புடிச்சுக்கும். திருச்சிய தாண்டாத எங்கப்பாவுக்கு ரெண்டு வருஷமா "மிஸ்டர்" போட்டு பாராட்டு மெயில் வந்துட்டிருந்துச்சு! சங்கடப்பட்டுக்கிட்டு நான் திருத்தவே இல்ல. முதல் நாளே எச்ஆர்கிட்ட சொல்லிடுங்க. நீங்க மேனேஜரா இருந்தா, பேர் நீளமா இருக்குன்னு நீங்களா ஒரு "ரவி"ய ஒட்டாதீங்க.

மொழிதான் இங்க ரொம்ப நுணுக்கம். சீன டூரிஸ்ட்ட கூட்டிட்டு சுத்தற கைடுக்கு மாண்டரின் கேட்டா நியாயம் இருக்கு, குடோன்ல ஸ்டாக் எண்றவருக்கு எதுக்கு? வேலைக்கு உண்மையிலயே தேவைப்பட்டாதான் விளம்பரத்துல மொழி கேக்கணும், ஏன் தேவைன்னும் சொல்லணும்னு, நியாயமான வேலைவாய்ப்ப கவனிக்கற டாஃபெப் (TAFEP) அமைப்போட வழிகாட்டிலயே இருக்கு. மீட்டிங் நடுவுல மாண்டரினுக்கு தாவிட்டு கடைசியில ரெண்டு வரி சுருக்கம் சொல்றதும் இதே கதைதான், முடிவு எடுக்கும்போது அந்த ஆள் அங்க இல்லாத மாதிரிதானே. அதே சமயம் பேண்ட்ரில நாம மூணு பேர் ஃபிலிப்பினோ பொண்ணு ஒருத்திய நடுவுல உக்கார வெச்சுட்டு தமிழ்ல பொளந்து கட்டறோமே, அதுவும் கணக்குல சேரும்.

நம்ம வாயப் பத்தி பேசினா கோவம் வரும், இருந்தாலும் சொல்லிடறேன். "அப்பு நே நே"ன்னு இந்தியர கேவலமா யாராவது சொன்னா நமக்கு ரத்தம் கொதிக்குது, சைட்ல வேலை பாக்கற பங்களாதேஷ்காரர "டேய் பங்களா"ன்னு கூப்பிடறப்போ ஒண்ணுமே தோணறதில்ல. மலாய்க்காரங்கன்னா சோம்பேறின்னு நம்ம சாப்பாட்டு மேசைலதான் அதிகம் கேட்டிருக்கேன்.

ஜூலை 21 இன நல்லிணக்க நாளுக்கு ஆளுக்கொரு பாரம்பரிய டிரெஸ் போட்டு போட்டோ எடுத்துட்டு வேலை முடிஞ்சதுன்னு நெனைக்கற கம்பெனிங்களும் இருக்கு. டிரெஸ் போடுங்க, தப்பில்ல. யாருக்கு ப்ரொமோஷன் கிடைச்சுது, யார் மூணு வருஷமா அதே சீட்ல இருக்காங்கன்னும் ஒரு தடவை பாருங்க.

கடைசியா, "சட்டம் வந்துடுச்சு, இனி அது பாத்துக்கும்"னு இருக்காதீங்க. பணியிட நியாயச் சட்டம் 2025 ஜனவரில பாஸ் ஆச்சு, நடைமுறைக்கு 2027 கடைசியிலதான் வரும்னு சொல்லியிருக்காங்க, முதல் கட்டமா 25 பேராவது வேலை பாக்கற கம்பெனிங்களுக்குத்தான். இனம், மொழி, மதம் மாதிரி காரணத்த வெச்சு ஆள் எடுக்கறது, ப்ரொமோஷன், வேலைய விட்டு தூக்கறது இதுலெல்லாம் பாகுபாடு காட்டினா அந்த சட்டத்துல மாட்டுவாங்க, புகார முறையா விசாரிக்கற ஏற்பாடு கம்பெனில இருக்கணும், புகார் கொடுத்தவர பழிவாங்கக் கூடாது. லஞ்ச் டேபிள் கிண்டலுக்கெல்லாம் அத நம்பி உக்காராதீங்க. எது நடந்தாலும் அன்னிக்கு ராத்திரியே தேதி, நேரம், யார் இருந்தாங்க, என்ன வார்த்தை சொன்னாங்கன்னு அப்படியே எழுதி வெச்சுக்கங்க, "இனவெறியா பேசினார்"னு பொதுவா எழுதினா எச்ஆர் மேஜைல நிக்காது. எழுதினத ஆபீஸ் லேப்டாப்ல வைக்காதீங்க.