அருங்காட்சியகத்தில் ஆசிரியர் பயிற்சி நடத்துகிறவர்களுக்கு: குமரி எல்லையிலிருந்து சில யோசனைகள்

பயிற்சி முடிந்து வீட்டுக்குப் போகிற ஆசிரியரின் பையில், அடுத்த வாரமே தன் வகுப்பில் நடத்தக்கூடிய ஒரு பாடம் இருக்க வேண்டும். நகர வரலாற்று அருங்காட்சியகத்தில் ஆசிரியர் பயிற்சியைப் பொறுப்பெடுத்து நடத்துகிறவர் முதலில் இதை முடிவு செய்துகொள்ளுங்கள். எத்தனை பேரை அழைப்பது, எந்தப் பொருளைக் காட்டுவது, யாரைப் பேச வைப்பது என்பதெல்லாம் இதிலிருந்துதான் வரும். கூடம் கூடமாகச் சுற்றிக் காட்டி, சிறப்புச் சொற்பொழிவு ஒன்று வைத்து, சான்றிதழ் கொடுத்து அனுப்பினால் எல்லாருக்கும் நல்ல நாளாக இருக்கும், ஆனால் வகுப்பறைக்குள் எதுவும் போய்ச் சேராது.

நான் எழுதுவது நாகர்கோவிலை வைத்து. 1956 நவம்பர் 1 வரை அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தவை. முன்பு ஆரல்வாய்மொழியில் இருந்த எல்லை இன்று களியக்காவிளையில் இருக்கிறது. அதனால் இந்த ஊர் வரலாற்றைக் கேரளப் பக்கத்துப் பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆசிரியர்களை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. இரண்டு மாநில ஆசிரியர்களையும் ஒரே மேசையில் உட்கார வைப்பதற்கு அலைச்சல் அதிகம்தான், ஆனால் எல்லையோர அருங்காட்சியகம் செய்யக்கூடிய மிகப் பெரிய வேலை இதுதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

முதலில் நாட்காட்டி. இங்கே செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு. கேரளத்தில் ஓணப் பரீட்சை, பத்து நாள் ஓண விடுமுறை, கிறிஸ்துமஸ் பரீட்சை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஜூலை, அக்டோபர் பிற்பகுதி முதல் நவம்பர், பொங்கல் கழிந்த ஜனவரி என்று கொஞ்ச இடம்தான் மிஞ்சும். அதிலும் கோட்டாறு சவேரியார் திருவிழா போன்ற உள்ளூர் விடுமுறைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி வந்தால் செய்முறைத் தேர்வு, பொதுத்தேர்வு, அப்புறம் யாரும் கிடைக்க மாட்டார்கள்.

அடுத்து அனுமதி. முதன்மைக் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வராமல் எந்தத் தலைமையாசிரியரும் ஆசிரியரை ஓ.டி. (வெளியே சென்றாலும் பணியில் இருப்பதாகக் கணக்கு) போட்டு அனுப்ப மாட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. நம் மாவட்டத்தில் அரசு உதவிபெறும் பள்ளிகள் நிறைய, அவற்றுக்குத் தாளாளர் பெயரில் தனிக் கடிதம் வேண்டும். கேரளப் பக்கம் ஏஇஓ (உதவிக் கல்வி அலுவலர்), டிஇஓ (மாவட்டக் கல்வி அலுவலர்) அலுவலகங்கள் வழியாகப் போக வேண்டும். கடிதத்தை எப்படியும் இரண்டு மாதம் முன்பே கொடுங்கள். வட்டார வள மையத்து ஆசிரியர் பயிற்றுநர் ஒருவரைத் திட்டமிடும்போதே உடன் சேர்த்துக்கொண்டால் பாதி வேலை லேசாகிவிடும், எந்தப் பள்ளியில் யார் ஆர்வமாக நடத்துகிறார் என்பது அவருக்குத்தான் தெரியும். பயிற்சியன்று மாலை வருகைச் சான்று கையோடு கொடுத்துவிடுங்கள், பிறகு தபாலில் வரும் என்று சொல்லி அனுப்பாதீர்கள்.

முப்பது பேருக்கு மேல் வேண்டாம். பதிவுப் படிவத்தில் பெயர், பள்ளியோடு மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த வகுப்பு, எந்த மொழிவழி, பயிற்சிக்கு அடுத்த மாதம் எந்தப் பாடம் நடத்தப் போகிறீர்கள். மூன்றாவது கேள்விக்கான பதில்களை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பயிற்சிக்கு எந்தப் பொருள்களை எடுப்பது என்று தெரிந்துவிடும். வரலாற்று ஆசிரியர்களை மட்டும் கூப்பிட வேண்டியதும் இல்லை. கணக்கு ஆசிரியர்கள் அருங்காட்சியகத்துக்குள் வந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சக்கரப் பலகையைச் சொல்கிறேன்.

திருவிதாங்கூர் வெள்ளிச் சக்கரம் மிகச் சிறிய காசு, விரலால் எண்ணுவது பெரும்பாடு. அதனால் வரிசை வரிசையாகக் குழி போட்ட மரப்பலகை வைத்திருந்தார்கள். ஒரு கை அள்ளிப் போட்டு அசைத்தால் குழிக்கு ஒன்றாகக் காசு உட்கார்ந்துகொள்ளும், மிச்சம் வழிந்துவிடும், எண்ணிக்கை தயார். அசல் பலகை கண்ணாடிக்குள்ளேயே இருக்கட்டும். உள்ளூர்த் தச்சரிடம் அதே அளவில் நான்கு பலகை செய்து வாங்கி, சக்கரத்துக்குப் பதில் கடுகை விடப் பெரிய மணிகள் ஏதாவது வாங்கி வையுங்கள்.

இதை எப்படி நடத்துவது? முதல் பத்து நிமிடம் விளக்கப் பலகையை மூடிவிடுங்கள். பெயர் சொல்லாதீர்கள். பார்ப்பதை மட்டும் எழுதச் சொல்லுங்கள்: எத்தனை குழி, எங்கே தேய்ந்திருக்கிறது, கைப்பிடி எந்தப் பக்கம். ஆசிரியர்கள் பதில் சொல்லிப் பழகியவர்கள், இது பல்லாங்குழி, இது பணியாரச் சட்டி அச்சு என்று உடனே குரல் வரும். நீங்கள் சரி என்றும் சொல்லாமல் தவறு என்றும் சொல்லாமல், எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று மட்டும் கேளுங்கள். இந்தக் கேள்விதான் நாளை அவர்கள் தங்கள் பிள்ளைகளிடம் கேட்க வேண்டியது, அதனால் அவர்கள் மேல் அது முதலில் பிரயோகிக்கப்பட வேண்டும்.

பிறகு பலகையை அசைக்க விடுங்கள், அப்புறம் கணக்கு. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய், ஆக 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். ஆனால் பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½ சக்கரம் கொடுக்க வேண்டும். 570 சக்கரத்தோடு ஆரல்வாய்மொழி தாண்டித் திருநெல்வேலிப் பக்கம் போகிற வியாபாரிக்கு அங்கே 20 பிரிட்டிஷ் ரூபாய் கிடைக்கும். போகாமல் இங்கேயே இருந்தால் அதே 570 சக்கரம் 20 திருவிதாங்கூர் ரூபாய் 2 பணம் 2 சக்கரம். ஆறாம் வகுப்புப் பின்னக் கணக்கு, ஒரு நாட்டின் எல்லை, வரி, வியாபாரம் எல்லாம் ஒரு பலகையில் வந்துவிடுகின்றன. மதிய உணவுக்குப் பிறகு எல்லாரையும் வகுப்பு வாரியாகப் பிரித்து, இதை நாற்பது நிமிடப் பாடமாக எழுதச் சொல்லுங்கள். இந்த நேரத்தை எதற்காகவும் சுருக்காதீர்கள், அன்றைக்கு வரும் சிறப்பு விருந்தினரின் உரைக்காகக்கூட.

மொழி விஷயம். விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் மலையாளவழிப் பள்ளிகள் இன்றும் உண்டு, கேரளத்திலிருந்து வருகிறவர்கள் தமிழ் பேசுவார்கள், வாசிக்கத் திணறுவார்கள். பயிற்சித் தாள்களை இரண்டு மொழியிலும் அச்சிடுங்கள். அதைவிட நல்ல வழி, திருவிதாங்கூர் அரசு ஆவணம் ஒன்றின் நகலை மேசைக்கு ஒன்றாக வைத்து, தமிழ் ஆசிரியரையும் மலையாள ஆசிரியரையும் ஜோடியாக உட்கார வைப்பது. ஆவணம் மலையாளத்தில் இருக்கும், அதில் வருகிற ஊர் பெயர்களும் நில அளவைச் சொற்களும் நம் ஆட்களுக்குத்தான் பிடிபடும். ஒருவர் இல்லாமல் இன்னொருவருக்கு வேலை நடக்காது.

நவம்பர் 1 பற்றிப் பேசுவதையும் இப்படியே அமைக்கலாம். இங்கே அது தாய்த் தமிழகத்தோடு இணைந்த நாள், களியக்காவிளை தாண்டினால் கேரளப் பிறவி, அதாவது கேரள மாநிலம் பிறந்த நாள். 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டம், புதுக்கடையில் தமிழகத்தோடு இணையக் கேட்டுப் போராடியவர்கள் மேல் நடந்த துப்பாக்கிச் சூடு இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டிலேயே கேட்டு வளரும் விஷயம். இரண்டு மாநிலப் பாடப்புத்தகங்களையும் விரித்து வைத்து, அதே நாளைப் பற்றி எது எவ்வளவு சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று ஆசிரியர்களே குறித்துக்கொள்ளட்டும்.

நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டம்தான் மிகுந்த கவனம் வேண்டிய இடம். குமரியில் வரலாறு சொல்லித்தரும் எவரும் இதைத் தாண்டிப் போகக் கூடாது. அறையில் இருப்பவர்களில் பலருக்கு இது குடும்பக் கதை, சிலருக்குத் தங்கள் முன்னோர் எந்தப் பக்கம் நின்றார்கள் என்ற சங்கடம். அதனால் யாரையும் அவர் சமூகத்தின் சார்பில் பேசச் சொல்லாதீர்கள். வீட்டுக் கதை கேட்காதீர்கள், தாமாகச் சொன்னால் நேரம் கொடுத்துக் கேளுங்கள். 1859 ஜூலை 26 அரசாணையிலிருந்து ஆரம்பியுங்கள். நாடார் பெண்கள் மேலுடம்பை மறைக்க அது அனுமதித்தது, ஆனால் உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் உடுத்தக் கூடாது என்றும் அதே ஆணை சொன்னது. அனுமதி எந்த வரி, தடை எந்த வரி என்று அடிக்கோடு போடச் சொன்னால் போதும், பேச்சு தானாகச் சரியான இடத்துக்குப் போகும். ஏழாம் வகுப்பில் இதை எப்படிச் சொல்வது, வகுப்பில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைச் சாதி சொல்லிக் கேலி செய்தால் அந்த நிமிடம் என்ன செய்வது என்பதையும் சேர்த்துப் பேசிவிட்டுத்தான் இந்த அமர்வை முடிக்க வேண்டும். ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள், இதைக் கடைசி அமர்வாக வைக்காதீர்கள்.

வெளியே அழைத்துப் போவதென்றால் ஜனவரி நல்லது, நமக்கு இரண்டு மழையும் உண்டு. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது, அனுமதி அங்கேதான் கேட்க வேண்டும், திங்கள் விடுமுறை. சிதறால் சமணக் குன்று மத்தியத் தொல்லியல் துறையின் கீழ். அங்கே கல்வெட்டில் மைப்படி எடுக்க முயலக் கூடாது. அதற்கு அருங்காட்சியக முற்றத்தில் எழுத்து வெட்டிய ஒரு பயிற்சிக் கல்லை வைத்து, ஈரத்தாள் ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றிப் பழக்குங்கள். முஞ்சிறைப் பக்கம் போக முடிந்தால் பார்த்திவபுரத்தையும் சேருங்கள். 866-ல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் அங்கே சாலை என்று அழைக்கப்பட்ட ஒரு கல்விக்கூடம் அமைத்து 95 மாணவர்களுக்கு ஏற்பாடு செய்ததைச் செப்பேடு சொல்கிறது. தங்கள் மாவட்டத்தில் ஆயிரம் ஆண்டுக்கு முன் இருந்த ஒரு கல்விக்கூடம் என்றால் ஆசிரியர்கள் கேட்கும் கேள்விகளே வேறு மாதிரி இருக்கும்.

பணம்: பயணப்படி, சாப்பாடு, நகல் செலவு, மாதிரிப் பொருள். முதல் மூன்றைக் கறாராகப் போடுங்கள், மாதிரிப் பொருளுக்கு மட்டும் தாராளமாக ஒதுக்குங்கள், அவைதான் வருடக்கணக்கில் உழைக்கும்.

கடைசியாக, பின்தொடர்தல். முடிவில் கொடுக்கும் கருத்துப் படிவத்தில் நிகழ்ச்சி எப்படி இருந்தது என்று கேட்காமல், எந்தத் தேதியில் எந்த வகுப்பில் இதை நடத்தப் போகிறீர்கள் என்று கேளுங்கள். பலகை, மணிகள், ஆவண நகல், பாடத்தாள் எல்லாம் வைத்த பெட்டி இரண்டு தயார் செய்து பள்ளிகளுக்கு வாரக் கணக்கில் இரவல் கொடுங்கள், யார் எப்போது திருப்பித் தருவது என்று வாட்ஸாப் குழுவில் தெரியட்டும். ஆறு வாரம் கழித்து அரை நாள் மறுகூட்டம், அதன் தேதியையும் முதல் அனுமதிக் கடிதத்திலேயே போட்டு வாங்கிவிடுங்கள். அந்தக் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் ஒரு மாணவரின் நோட்டுப் பக்கத்தை, பெயரை மறைத்து, படம் எடுத்துக் கொண்டுவரட்டும். நடத்த முடியாமல் போனவர்களும் வரலாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். ஏன் முடியவில்லை என்று அவர்கள் சொல்வதை வைத்துத்தான் அடுத்த தொகுதிக்கான பாடத்தாளைத் திருத்த வேண்டும்.