வெள்ளை எண் ரோஸ் நிறமாகும் கதை: ஜேர்சி தொழிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கிண்ணியாவிலிருந்து இரண்டு தம்பிமார் கடைக்கு வந்தார்கள். ஆறு மாதமாக ஜேர்சி அடிக்கிறார்கள். கொண்டுவந்த பையில் 18 மெரூன் ஜேர்சிகள். முதுகில் வெள்ளையாக இருக்க வேண்டிய எண்கள் எல்லாம் இளம் ரோஸ் நிறத்தில் இருந்தன.

"அண்ணன், அடிச்சு முடிக்கக்குள்ள பால் மாதிரி வெள்ளை. மூணு நாள் கழிச்சுப் பையைத் திறந்தா இப்பிடிக் கிடக்கு. கழுவினா போகுமா?"

போகாது. அதை அவர்களுக்குச் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருந்தது. 12 வருடங்களுக்கு முன் இதே நிறத் துணியில் இதே தவறைச் செய்துவிட்டு, இதே கேள்வியைக் கொழும்பில் ஒருவரிடம் நானும் கேட்டிருக்கிறேன். திருகோணமலையில் இப்போது பிரின்ட் கடைகள் பெருகிவிட்டன. புதிதாக வருகிற பிள்ளைகள் நாங்கள் விழுந்த அதே குழியில் விழுவதைப் பார்த்துக்கொண்டு இருக்க மனம் வரவில்லை.

சைஸ் மாறித் தைப்பது, பெயரில் ஓர் எழுத்தை விடுவது, முற்பணம் வாங்காமல் வேலையைத் தொடங்குவது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. ஒருமுறை பட்டால் அவை தானாகத் திருந்திவிடும்.

நிறத் துணியில் வெள்ளை அடிப்பது

பொலியெஸ்டர் துணிக்கு நிறம் கொடுப்பது டிஸ்பர்ஸ் சாயம். தண்ணீரில் அநேகமாகக் கரையாது. சாயப்பட்டறையில் மூடிய அழுத்தத் தொட்டிக்குள் ஏறத்தாழ 130 பாகை செல்சியஸில் வைத்துத்தான் அதை நாருக்குள் செலுத்துகிறார்கள். சூட்டில் நார் தளர்கிறது, சாயம் உள்ளே போகிறது, ஆறியதும் நார் இறுகி அதைப் பிடித்துக்கொள்கிறது. நாங்கள் சப்ளிமேசன் செய்யும்போதும் இதுதான் நடக்கிறது. தாளில் அச்சான அதே வகைச் சாயம் 200 பாகைக்குக் கிட்டப் போனதும் வாயுவாகி நாருக்குள் இறங்குகிறது.

சூட்டில் உள்ளே போன சாயம், மறுபடி சூடு பட்டால் வெளியேயும் வரும். அன்று எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை.

உப்புவெளிப் பக்கத்து உதைபந்தாட்டக் கழகம் ஒன்று 22 ஜேர்சி கேட்டது. ஞாயிற்றுக்கிழமை ஏகாம்பரம் மைதானத்தில் அவர்களுக்கு இறுதிப் போட்டி. புறக்கோட்டையில் தைத்து விற்கிற மெரூன் ஜேர்சியை வாங்கி வந்து, வெள்ளைப் பிளாஸ்டிசோல் மையால் ஸ்க்ரீன் பிரின்டில் எண் அடித்தேன். அந்த மை கியூர் ஆக, அதாவது இறுகிப் பிடிக்க, 160 பாகை வேண்டும், கொடுத்தேன். நேரம் இல்லாததால் சூடு ஆறமுன்பே ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து அட்டைப்பெட்டியில் அடுக்கினேன். வெள்ளி இரவு வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். அப்போது எண்கள் வெள்ளையாகத்தான் இருந்தன. ஞாயிறு காலை கழகச் செயலாளர் கோல் எடுத்தார். "அண்ணன், எங்களுக்கு ரோஸ் நம்பரா அடிச்சீங்க?"

அந்த ஜேர்சியோடுதான் விளையாடினார்கள். நான் மைதானத்துக்குப் போயிருந்தேன். மதிய வெயிலில் மெரூனுக்கு மேல் இருந்த ரோஸ் எண்ணை எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்ற எனக்கே வாசிக்க முடியவில்லை. பிறகு 22 ஜேர்சியையும் என் காசில் மறுபடி செய்து கொடுத்தேன்.

அந்த நட்டத்தைவிட அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்றைக்கும் எனக்குக் கோபம் தருகிறது. துணி விற்றவர் மையில் பிழை என்றார். மை விற்றவர் துணியில் பிழை என்றார். இருவரும் சேர்ந்து ஒரு புத்தி சொன்னார்கள்: வெள்ளையைத் தடிப்பாக அடி, இரண்டு கோட் போடு, இன்னும் கொஞ்சம் சூடு கொடு. நம்பி அப்படியே செய்தேன். முன்னையதைவிட மோசமாக ரோஸ் ஆனது. பிழைக்குக் காரணமே சூடு. அதற்கு மேலும் சூடு கொடுத்தால் துணியிலிருந்து இன்னும் அதிகச் சாயம் கிளம்பும். பிளாஸ்டிசோலுக்குள் இருக்கும் நெகிழ்வுப்பொருள் அந்தச் சாயத்தை உறிஞ்சிக்கொள்ளும். சூடு ஆறாமல் அடுக்கினால் பெட்டிக்குள்ளும் இது தொடரும். அதனால்தான் அடித்த அன்று தெரியாமல் இரண்டு மூன்று நாள் கழித்துத் தெரிகிறது. இதே புத்தியை இப்போதும் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். கிண்ணியாத் தம்பிமாருக்கும் அதைத்தான் சொல்லியிருந்தார்கள்.

சிவப்பும் மெரூனும் ஆக மோசம். கடும் நீலமும் கறுப்பும் வெள்ளையைச் சாம்பல் அல்லது நீலச் சாயலுக்கு இழுக்கும். நாமே சப்ளிமேசன் அடித்த துணிக்கு மேல், வெட்டிச் சூட்டில் ஒட்டுகிற வெள்ளை வைனல் தாளை ஒட்டினாலும் இதே கதைதான். டீடீஎஃப் (படலத்தில் அச்சடித்துச் சூட்டில் துணியில் ஒட்டும் முறை) வந்த பிறகு "எந்தத் துணியிலும் ஒட்டலாம்" என்று சொல்லி விற்கிறார்கள். ஒட்டுவது உண்மை, வெள்ளையாகவே இருக்கும் என்று அதற்கு அர்த்தமில்லை. மெரூனுக்கு டீடீஎஃப் அடிப்பதென்றால் சாயத்தைத் தடுக்கும் கறுப்புப் பசைத்தூள் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். ஸ்க்ரீன் பிரின்டுக்கு, குறைந்த சூட்டில் கியூர் ஆகும் லோ பிளீட் (சாயம் அதிகம் ஏறாத) வெள்ளை மையும், சாயத்தைத் தடுக்க அதற்கு அடியில் போடுகிற சாம்பல் புளொக்கரும் தேவை. அடித்த ஜேர்சி முற்றாக ஆறிய பிறகே அடுக்க வேண்டும்.

துணியை முன்கூட்டிச் சோதிப்பது சுலபம். உள்ளங்கை அளவு வெட்டி, அதன் மேல் வெள்ளைப் பொலியெஸ்டர் துண்டு ஒன்றை வைத்து, ஹீட் பிரெஸில் 180 பாகையில் 30 செக்கன் அழுத்துங்கள். வெள்ளைத் துண்டில் நிறம் ஏறினால் அந்தத் துணியில் சாதாரண வெள்ளை மை வைக்க வேண்டாம். துணி ஆய்வுகூடங்களில் செய்யும் ISO 105-P01 என்ற வெப்பச் சோதனையும் 150, 180, 210 பாகைகளில் 30 செக்கன் வைத்துப் பார்ப்பதுதான். நாங்கள் செய்வது அதன் கடைத்தெரு வடிவம்.

எல்லாவற்றையும்விட நல்ல வழி, வெள்ளையை அடிக்காமலே விடுவது. சப்ளிமேசனில் வெள்ளை மை என்று ஒன்று கிடையாது. வெள்ளைத் துணியை எடுத்து, மெரூனை அதன் மேல் அடித்து, எண் வரும் இடத்தைத் தாளில் வெறுமையாக விட்டால் துணியின் வெள்ளையே எண்ணாகிவிடும். உரியாது, வெடிக்காது. இன்று என்னிடம் வரும் மெரூன் ஓடர்களில் பெரும்பாலானவற்றை இப்படித்தான் செய்கிறேன்.

கொட்டனில் சப்ளிமேசன்

வேண்டாம். முதல் கழுவலிலேயே வெளிறிவிடும்.

போனில் பார்த்த நிறத்துக்கு ஒப்புக்கொள்வது

பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டி ஓடர்களில் வரும் சண்டை இது. ஆசிரியர் வட்ஸ்அப்பில் ஒரு பச்சையை அனுப்புவார். அவருடைய போனில் ஒரு பச்சை, என் கொம்பியூட்டரில் இன்னொரு பச்சை, துணியில் வருவது மூன்றாவது பச்சை. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, நாங்கள் நான்கு மையால் காட்டுகிறோம். மின்னுகிற பச்சையும் செம்மஞ்சளும் அந்த நான்கு மையில் வரவே வராது.

உங்கள் மெசினில், உங்கள் மையில், நீங்கள் பாவிக்கும் துணியிலேயே ஒரு நிற அட்டவணை அடித்து வையுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் எண் போடுங்கள். ஓடர் தருபவர் அந்தத் துணியைத் தொட்டு, பகல் வெளிச்சத்தில் பார்த்து எண்ணைச் சொல்லட்டும். துணியின் ரகம் மாறினால் அட்டவணையும் மாற வேண்டும். மஞ்சள் ஓடிய வெள்ளைக்கும் பளிச்சென்ற வெள்ளைக்கும் ஒரே மை ஒரே நிறம் தராது. இன்னொன்று, தாளில் நிறம் மங்கலாகத் தெரிவதைப் பார்த்துப் பயந்து கோப்பில் நிறத்தைக் கூட்டாதீர்கள். சூடு பட்ட பிறகுதான் அது எழும்பும்.

மாரி காலத்தில் தாளைத் திறந்து வைப்பது

இங்கே ஐப்பசியில் தொடங்கும் மழை மார்கழி தாண்டியும் நிற்கும். அதோடு சுற்றிவரக் கடல். பொலியெஸ்டர் தன் எடையில் அரை வீதம்கூட ஈரம் பிடிக்காது. ஆனால் சப்ளிமேசன் தாள் நன்றாகப் பிடிக்கும். அந்த ஈரம் பிரெஸ்ஸுக்குள் நீராவியாகிச் சாயத்தைக் கண்டபடி தள்ளும். எழுத்தின் ஓரம் புகை பிடித்த மாதிரி வரும், பெரிய நிறப் பரப்பில் திட்டுத் திட்டாக விழும். முதல் இரண்டு வருடமும் நான் இதை மையின் குற்றம் என்று நினைத்து மையை மாற்றிக்கொண்டிருந்தேன்.

தாள் றோலைப் பொலித்தீன் உறையில் கட்டி வையுங்கள். அச்சான தாளை நன்றாகக் காயவிடுங்கள். துணியை ஐந்து செக்கன் வெறுமனே அழுத்தி எடுத்துவிட்டு அப்புறம் தாளை வையுங்கள்.

தைத்த ஜேர்சியில் முழு அச்சு

கக்கத்து மடிப்பில் வெள்ளைக் கோடு விழும். முதலில் அச்சு, பிறகு வெட்டு, பிறகு தையல்.

சுருக்கத்தைக் கணக்கில் எடுக்காமல் வெட்டுவது

200 பாகைச் சூட்டில் துணி சுருங்கும். நீளப் பாட்டுக்கு ஓர் அளவு, அகலப் பாட்டுக்கு இன்னோர் அளவு. புதிய றோல் வந்தால் 50 சென்ரிமீற்றர் சதுரம் ஒன்றைக் குறித்து, அதை அழுத்தி, மறுபடி அளந்து பாருங்கள். முன்பக்கக் கோடும் பின்பக்கக் கோடும் விலாவில் சந்திக்கிற டிசைனில் அரை சென்ரிமீற்றர் பிசகினாலும் பார்ப்பவர் கண்ணுக்கு முதலில் அதுதான் படும். முன்பக்கத்தை ஒரு றோலிலும் பின்பக்கத்தை வேறு றோலிலும் எடுக்காதீர்கள்.

தமிழ்ப் பெயரை எழுத்துருவாகவே அனுப்புவது

இலங்கையில் இன்னும் பலர் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில்தான் தட்டச்சு செய்கிறார்கள். பாமினி இல்லாத கொம்பியூட்டரில் அந்தக் கோப்பைத் திறந்தால் பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும், மெய்யெழுத்துப் புள்ளிக்குப் பதிலாக அரைப்புள்ளிகளும் நிற்கும். அது கண்ணுக்குத் தெரிவதால் பிடித்துவிடலாம். யூனிகோட்டில் வரும் பிழைதான் ஆபத்து. டிசைன் செய்யும் இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருளில் தெற்காசிய எழுத்து அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். 'கோகுலன்' என்ற பெயரில் கொம்பு இடம் மாறி நின்றால், நாங்கள் அச்சுக்கு அனுப்பும் கொழும்பில் தமிழ் வாசிக்காத ஒருவர் அதைப் பார்த்துச் சரி என்று அடித்துவிடுவார். எனக்கு அப்படி ஒரு முழு அணியே வந்து சேர்ந்தது.

பெயரைச் சரிபார்த்து, எழுத்தை வளைகோடாக (எழுத்துரு தேவைப்படாத வடிவமாக) மாற்றி, பக்கத்தில் ஒரு படமும் சேர்த்து அனுப்புங்கள். சிங்களப் பெயருக்கும் இதே கவனம் வேண்டும். தெரிந்தவர் ஒருவரிடம் காட்டுங்கள்.

மெல்லிய வலைத்துணியில் எம்பிரோய்டரி

சுருங்கும், உள்ளே தோலை உரசும். கொலர் வைத்த தடித்த ரீசேட்டுக்கு மட்டும்.

சாதாரண ஊசி

பின்னல் துணிக்குப் பந்துமுனை ஊசி. கூர் ஊசி இழையை அறுக்கும், ஓட்டை கழுவிய பிறகே தெரியும்.

ஏற்கனவே ரோஸ் ஆகிவிட்டால்

மைப்படலத்துக்குள் போன சாயத்தைச் சோப்பாலோ பெற்றோலாலோ எடுக்க முடியாது. வெள்ளையை மேலே இன்னொரு தரம் அடிக்கவும் வேண்டாம், அதுவும் சில நாளில் ரோஸ் ஆகும். கிண்ணியாத் தம்பிமாரிடம், பழைய எண்ணைவிடச் சுற்றிவர அரை சென்ரிமீற்றர் பெரிதாகக் கறுப்பு எண் வெட்டி, குறைந்த சூட்டில் ஒட்டும் வைனலில் மூடச் சொன்னேன். கறுப்பில் சாயம் ஏறினாலும் தெரியாது. ஆனால் மெரூனில் கறுப்பு எண்ணும் தூரத்துக்குத் தெரியாது என்பதால், கறுப்புக்கு வெளியே ஒரு மெல்லிய பொன்மஞ்சள் ஓரம் வைத்தோம். மஞ்சளும் கொஞ்சம் செம்மஞ்சளுக்குத் திரும்பும், அது பார்வைக்குக் கேடில்லை. முதல் ஜேர்சியை என் பிரெஸ்ஸில் ஒட்டி ஒரு வாரம் வைத்துப் பார்த்தோம். மாறவில்லை. மீதி 17 ஜேர்சியையும் அதன் பிறகுதான் அவர்கள் தொட்டார்கள்.