சினாப்ஸ் இழப்புச் சோதனை: ஒலிகோமர் தயாரிப்பில் பறிபோகும் பணம்

நெல்லைப் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து அல்சைமர் ஆய்வுக்கு வரும் பிள்ளைகளுக்குப் பிப்பெட் பிடிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாட்டிக்கொள்வது வேறு இடத்தில்: அல்சைமர் மூளையில் சேரும் பீட்டா-அமிலாய்டு பெப்டைடின் (சிறு புரதத்துண்டு) ஒலிகோமரை, அதாவது சில மூலக்கூறுகள் ஒட்டிய சிறு கொத்தை, தட்டில் வளர்த்த நியூரான்களில் ஊற்றி, சினாப்ஸ் (நியூரான்களுக்கு இடையிலான இணைப்பு) எவ்வளவு குறைகிறது என்று பார்க்கும் சோதனையில்.

பெப்டைடை நேரே பஃபரில் கரைப்பது

எரிச்சலே இதில்தான். விலை கொடுத்து வாங்கிய பீட்டா-அமிலாய்டு 42 பொடியை பஃபரில் (பி.எச். மாறாமல் வைக்கும் கரைசல்) கலக்கி, "ஒலிகோமர் ரெடி" என்பார்கள். பொடியிலேயே சிறு கட்டிகள் உண்டு. அல்வாவுக்கு எடுத்த கோதுமைப் பாலில் கட்டி தட்டினால் எவ்வளவு கிண்டினாலும் கரையுமா? அந்தக் கட்டிகள் விதையாகி, நார் நாராக ஃபைப்ரில் வளரும். சினாப்ஸை முதலில் தாக்குவதோ கரைந்து திரியும் ஒலிகோமர்.

அதனால் முதலில் கட்டிகளைக் கலைக்க வேண்டும். 1 மில்லிகிராம் பொடிக்கு சுமார் 221 மைக்ரோலிட்டர் எச்.எஃப்.ஐ.பி. என்ற கரைப்பானை ஊற்றினால் 1 மில்லிமோலார். அரை மணி நேரம் விட்டு, 10 மைக்ரோலிட்டராகப் பிரித்து, ஃபியூம் ஹூடில் ராத்திரி முழுக்க உலர விடுங்கள். அடியில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். காலிக் குழாய் என்று எறிந்தவர்களும் உண்டு. அதில்தான் 10 நானோமோல் இருக்கிறது. 2 மைக்ரோலிட்டர் டி.எம்.எஸ்.ஓ. கரைப்பானில் கரைத்து, குளிர்ந்த, ஃபீனால் ரெட் சாயம் இல்லாத எஃப்12 மீடியம் (செல் வளர்ப்புத் திரவம்) 98 மைக்ரோலிட்டர் சேர்த்தால் 100 மைக்ரோமோலார். 4 டிகிரியில் 24 மணி நேரம். பிறகு சென்ட்ரிஃபியூஜில் 14,000 ஜி-யில் 10 நிமிடம் சுற்றி, மேல் திரவத்தை மட்டும் அன்றே பயன்படுத்துங்கள்.

ஐப்பசி மழைக்காலத்தில் ஃப்ரீசரில் சேமித்த உலர் பெப்டைடுக் குழாயை எடுத்தவுடன் திறந்தால் ஈரம் உள்ளே இறங்கும். டெசிக்கேட்டரில் (ஈரம் புகாத மூடிய பாத்திரம்) அறைச்சூட்டுக்கு வந்தபின் திறக்கவும். பழைய டி.எம்.எஸ்.ஓ. பாட்டிலும் ஈரம் குடித்ததுதான். எஸ்.டி.எஸ். (சோப்பு போன்ற பொருள்) சேர்த்து புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் தெரியும் பட்டையை நம்பி "ஒலிகோமர் இருக்கிறது" என்று எழுதாதீர்கள், எஸ்.டி.எஸ்.ஸே கட்டிகளைக் கலைக்கும், உருவாக்கவும் செய்யும். எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள்.

கன்ட்ரோலுக்கு வெறும் மீடியம் போதாது. பெப்டைடு இல்லாத டி.எம்.எஸ்.ஓ.-எஃப்12 கலவையையும் அதே 24 மணி நேரம் வைத்து எடுக்க வேண்டும்.

அளவு

10 மைக்ரோமோலார் ஊற்றி நியூரானையே சாகடித்துவிட்டு அதைச் சினாப்ஸ் இழப்பு என்கிறார்கள். 500 நானோமோலார் அளவில் தொடங்கி, எல்.டி.எச். சோதனையும் (செத்த செல்லிலிருந்து கசியும் நொதியை அளப்பது) கூடவே செய்யுங்கள்.

இளம் கல்ச்சர்

தட்டில் 18 நாள் வளருமுன் முதிர்ந்த ஸ்பைன் (சினாப்ஸ் அமரும் சிறு முகிழ்) கம்மி. இல்லாததை எப்படி இழப்பது?

பாஸ்போ-கோஃபிலின்

ஒலிகோமர் கால்சினியூரினை (பாஸ்பேட் நீக்கும் நொதி) முடுக்க, ஆக்டின் இழைகளை அறுக்கும் கோஃபிலின் புரதம் தன் சீரின்-3 இடத்துப் பாஸ்பேட்டை இழந்து வேலையைத் தொடங்குகிறது. ஸ்பைனின் ஆக்டின் அறுபடுகிறது. செல்லை உடைக்கும் லைசிஸ் பஃபரில் பாஸ்பட்டேஸ் (பாஸ்பேட் நீக்கும் நொதி) தடுப்பான் போட மறந்தால் பாஸ்பேட் குழாயிலேயே போய்விடும், கன்ட்ரோலிலும். கால்சினியூரின்தான் காரணம் என்று காட்ட, அதைத் தடுக்கும் எஃப்.கே.506 மருந்து சேர்த்த ஒரு தட்டு வேண்டும்.

மைக்ரோக்ளியா இல்லாத கல்ச்சர்

மைக்ரோக்ளியா மூளையில் விழுங்கும் வேலை செய்யும் செல். அது இல்லாத கல்ச்சரில் சி1கியூ, சி3 (நோயெதிர்ப்புப் புரதங்கள்) வழியாகச் சினாப்ஸ் விழுங்கப்படுகிறது என்று சொல்ல முடியாது. விழுங்க ஆளே இல்லை.