பழைய புல்லட்டுக்கு டிரையல்ஸ் டயர்: பணத்தைக் கரைக்கும் தவறுகள்

பழைய புல்லட்டைப் பிரித்து, சைலன்சரை மேலே தூக்கி, மட்கார்டை உயர்த்தி, டிரையல்ஸ் வண்டியாக மாற்றும் ஆசை நம் ராமநாதபுரம் கரையோரத்திலும் பலருக்கு இருக்கிறது. வீண் ஆசை அல்ல. பின்பக்க சஸ்பென்ஷனோடு 1948-ல் வந்த புல்லட், அதே ஆண்டு இத்தாலியில் நடந்த பன்னாட்டு ஆறு நாள் போட்டியில் தங்கப் பதக்கம் வாங்கிய வண்டி. 1952-ல் ஜானி பிரிட்டன் ஸ்காட்லாந்து ஆறு நாள் டிரையல்ஸை வென்றதும் 350 புல்லட்டில்தான். டிரையல்ஸில் வேகம் கணக்கில்லை. பாறையிலும் சேற்றிலும் ஏற்றத்திலும் காலைத் தரையில் ஊன்றாமல் கடப்பதுதான் ஆட்டம். அந்தப் பிடிப்பு மொத்தமும் டயரிலிருந்து வருகிறது. ஆனால் பெயின்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் செலவழித்துவிட்டு, மிச்சமிருக்கும் காசில் கடைசியாக டயர் வாங்குவதே வழக்கமாகிவிட்டது.

காற்றுப் பார்க்காமல் கிளம்புவது, தேய்ந்த டயரோடு ஓட்டுவது போன்றவற்றைச் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. தெரிந்தவர்களும் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகளை மட்டும் பார்ப்போம்.

பெரிய பட்டனைப் பார்த்து மயங்குவது

கடையில் 'மண்ணுக்கு டயர்' என்று கேட்டால் உயரமான பட்டன் டயரை எடுத்து வைப்பார்கள். அது மண்பாதை வேகப் பந்தயத்துக்கான மோட்டோகிராஸ் வகை. பட்டன்கள், அதாவது துருத்தி நிற்கும் ரப்பர் கட்டிகள், தள்ளித்தள்ளி நிற்கும், ரப்பர் கெட்டி, பக்கச்சுவர் விறைப்பு. வேகமாகச் சுழன்று மண்ணைத் தோண்டி வாரி எறிய அது பொருந்தும். டிரையல்ஸ் டயர் நேர்மாறானது. தட்டையான சதுரக் கட்டங்கள் நெருங்கி நிற்கும், ரப்பர் மிருது, பக்கச்சுவர் வளைந்து கொடுக்கும். காற்றைக் குறைத்ததும் கல்லின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப மடிந்து ஒட்டிக்கொள்ளும். கட்டங்களின் உயரம் 13 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்று போட்டி விதிகளே வரம்பு வைத்திருக்கின்றன.

டிரையல்ஸ் டயருக்கும் குறை உண்டு. உப்பளத்து ஓரக் களிமண்ணில் கட்டங்களுக்கு நடுவே சேறு அப்பிக்கொண்டால் லேசில் உதிராது. அங்கே ஆக்சிலரேட்டரைத் திருகினால் அந்த இடத்திலேயே குழிதான் விழும்.

பெயரை நம்புவது

2019-ல் புல்லட் டிரையல்ஸ் என்ற பெயரிலேயே வண்டி வந்தது. முன்னால் 19 அங்குலம், பின்னால் 18. அதில் வந்தவை சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவான டயர்கள், டிரையல்ஸ் டயர் அல்ல. 'அந்த வண்டி டயர்' என்று கேட்டு வாங்கினால் பொது டயர்தான் கிடைக்கும்.

அளவைக் கண்ணால் எடுப்பது

பழைய 350 புல்லட்டுக்கு இரண்டு சக்கரத்துக்கும் 3.25-19 (முதல் எண் டயர் அகலம், அடுத்தது ரிம் விட்டம், இரண்டும் அங்குலத்தில்). டிரையல்ஸுக்கு முன்னால் 2.75-21, பின்னால் பழைய முறைப்படி 4.00-19, இப்போது எளிதாகக் கிடைப்பது 4.00-18. அதாவது டயரை மட்டும் மாற்றி முடிகிற வேலை இல்லை, ரிம்மையும் மாற்ற வேண்டியிருக்கும். ரிம்மில் அடித்திருக்கும் எழுத்தைப் படியுங்கள். டபிள்யூஎம்1 என்றால் அகலம் 1.60 அங்குலம், டபிள்யூஎம்2 என்றால் 1.85, டபிள்யூஎம்3 என்றால் 2.15. முன்னால் 1.60, பின்னால் 2.15 என்பதே சரியான ஜோடி. பின்பக்கம் 1.85 ரிம்மில் 4.00 டயர் ஏறத்தான் செய்யும். ஆனால் பக்கச்சுவர் உள்ளே இழுபட்டு நடுப்பகுதி உருண்டுவிடும். தரையைத் தொடும் அகலம் குறைந்தால், விலை கொடுத்து வாங்கிய பிடிப்பில் பாதி போனது போலத்தான்.

புது ரிம் வாங்கும்போது ஹப்பில் உள்ள ஸ்போக் துளைகளை எண்ணிக்கொண்டு போங்கள். டயரை மாட்டியதும், அச்சைச் செயின் இழுவைக்கேற்ற இடத்தில் நிறுத்தி, கையால் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். செயின், மட்கார்டு கிளாம்ப், ஸ்விங் ஆர்ம் எதனோடும் பத்து மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். காற்றுக் குறைந்த டயர் பாறையில் பக்கவாட்டில் பிதுங்கும். நிற்கும்போது உரசாதது ஓடும்போது உரசும்.

ரிம் லாக் இல்லாமல் காற்றை இறக்குவது

இந்தப் பட்டியலில் பணத்தையும் நாளையும் ஒருசேரப் பறிப்பது இதுதான். டயர் விலையைப் பார்த்தால், அதை ரிம்மோடு பிடித்து வைக்கும் ரிம் லாக்கின் விலை ஒன்றுமில்லை. அப்படியிருந்தும் விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் எரிச்சலூட்டுகிறது.

நடப்பது என்னவென்று பார்ப்போம். 28 பிஎஸ்ஐ காற்று இருக்கும்போது டயரின் பீடிங் (ரிம்மில் உட்காரும் உள்விளிம்பு) ரிம்மோடு இறுக அழுந்தியிருக்கும். மணலுக்காகக் காற்றைப் பத்துக்கு இறக்கினால் அந்த அழுத்தம் போய்விடும். 346 சிசி, 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் கொண்ட ஒற்றை சிலிண்டர் என்ஜின், குறைந்த வேகத்தில் ஒவ்வோர் அடிக்கும் ரிம்மை வெடுக்கென்று முன்னால் தள்ளும். மணல் டயரைப் பிடித்துக்கொள்ள, ரிம் மட்டும் டயருக்குள் சிறிது சிறிதாக நகரும். ட்யூப் டயரோடு ஒட்டி நிற்கும், வால்வோ ரிம் துளையில் மாட்டி நிற்கும். முதலில் வால்வு சாயும். பிறகு அடியோடு கிழியும்.

அடியில் கிழிந்த வால்வுக்கு ஒட்டுப் போட முடியாது. எந்தப் பஞ்சர் கடைக்காரரும் கையை விரிப்பார். ஏர்வாடியிலிருந்து வாலிநோக்கம் போகும் வழியில் மணல் தடத்தில் ஒரு 350 இப்படி நின்றது. ஒட்டு, சொல்யூஷன், கைப்பம்பு எல்லாம் பையில் இருந்தன. மாற்று ட்யூப் மட்டும் இல்லை. காற்றில்லாத டயரோடு தார்ச்சாலை வரை தள்ளிப் போனதில், ரிம்மின் விளிம்பு பக்கச்சுவரை உள்ளிருந்தே அறுத்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த டயர், கட்டங்களில் தேய்மானமே இல்லாமல் குப்பைக்குப் போனது. இதே சேதம் வேறு வண்டிகளுக்கும் நேர்ந்தபடிதான் இருக்கிறது.

ரிம் லாக் என்பது ரப்பர் போர்த்திய சின்னத் தட்டு. அதிலிருந்து ஒரு போல்ட் ரிம் துளை வழியாக வெளியே வரும். நட்டை முறுக்கினால் தட்டு இரண்டு பக்கப் பீடிங்கையும் ரிம்மோடு சேர்த்து நெரித்துக்கொள்ளும்.

மாட்டும் முறை: ரிம் அகலத்துக்கு ஏற்ற லாக்கையே வாங்குங்கள், 2.15 ரிம்முக்கு 2.15 லாக். 1.85 லாக்கை அதில் போட்டால் பீடிங்கைச் சரியாகப் பிடிக்காது. வால்வுக்கு ஏறத்தாழ எதிரே, இரண்டு ஸ்போக்குகளுக்கு நடுவில், எட்டு மில்லிமீட்டர் போல்ட்டுக்கு எட்டரை மில்லிமீட்டர் துளை போடுங்கள். எதிரே வைப்பதால் சக்கரத்தின் எடையும் ஓரளவு சமமாகும். துளையின் பிசிரை அரத்தால் எடுத்து, வெட்டிய விளிம்புக்கு பெயின்ட் பூசுங்கள். பூசாவிட்டால் உப்புக்காற்றில் துரு அங்கிருந்துதான் தொடங்கும். நட்டை ஓரிரு சுற்று மட்டும் ஏற்றி, தட்டு உள்ளே தளர்ந்து நிற்க, டயரை ஏற்றுங்கள். லீவர் போடும்போது போல்ட்டை வெளியிலிருந்து உள்ளே அமுக்கிக்கொண்டே இருந்தால் பீடிங் தட்டுக்குக் கீழே போய் உட்காரும். இதைச் செய்யாதவர்கள்தான் பீடிங்கைத் தட்டின் மேலே ஏற்றிவிட்டு, டயர் மேடுகட்டி ஓடுகிறது என்பார்கள். முப்பது பிஎஸ்ஐ வரை காற்றடித்து பீடிங் சுற்றிலும் சமமாக உட்கார்ந்ததைப் பார்த்து, முழுக்க இறக்கி, மறுபடி அடித்து, அப்புறம் நட்டை முறுக்குங்கள். 12 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை போதும். முதல் ஓட்டம் முடிந்ததும் இன்னொரு முறை இறுக்கிப் பார்க்க வேண்டும்.

ரிம் லாக் போட்ட பிறகும் வால்வின் நட்டை ரிம்மோடு இறுக்காதீர்கள். அதை மேலே ஏற்றி வால்வு மூடியோடு சேர்த்து வையுங்கள். டயர் சற்று நகர்ந்தாலும் வால்வு சாய்ந்து காட்டிக்கொடுக்கும். இறுக்கியிருந்தால் சாயாமல் நேரே கிழியும். டயரிலும் ரிம்மிலும் ஒரே கோட்டில் சாக்பீஸால் ஒரு கீறல் போட்டு வையுங்கள். கோடு விலகியிருந்தால் அங்கேயே நிறுத்தி, காற்றை ஏற்றிக்கொண்டு திரும்புங்கள்.

ரிம் லாக்குக்குப் பதிலாக ரிம்மின் பக்கவாட்டில் சின்ன ஸ்க்ரூக்களை முறுக்கி பீடிங்கைப் பிடிக்க வைப்பது பழைய கைவேலை. உலர்ந்த ஊரில் ஓடும். நம் கரையில் அந்த ஸ்க்ரூக்கள் துருப்பிடித்து பீடிங்கையே அரிக்கும். வேண்டாம்.

இலகு வண்டிக்காரர் சொல்லும் காற்றளவு

பின்னால் நாலு, ஐந்து பிஎஸ்ஐ என்று படித்திருப்பீர்கள். அது எழுபது கிலோ எடையுள்ள இன்றைய டிரையல்ஸ் வண்டிக்கு, அதுவும் பின்னால் ட்யூப் இல்லாத டயருக்கு. புல்லட் 160 கிலோவைத் தாண்டும், ட்யூபும் உள்ளே இருக்கிறது. அந்த அளவில் ஒரு கல்லில் ஏறினால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே ட்யூப் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் இரட்டை ஓட்டை விழும். மணலில் பத்து முதல் பன்னிரண்டு, பாறையில் ரிம் லாக்கோடு எட்டு. புல்லட்டில் எட்டுக்குக் கீழே போகாதீர்கள். தார்ச்சாலைக்கு, ஒருவர் மட்டும் ஓட்டினால், முன்னால் 18, பின்னால் 28.

பஞ்சர் கடை மீட்டர் இவ்வளவு குறைந்த காற்றைச் சரியாகக் காட்டாது. 15 அல்லது 30 பிஎஸ்ஐ வரை மட்டும் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று கையில் இருக்கட்டும்.

ட்யூப்லெஸ் டிரையல்ஸ் டயரை ஸ்போக் ரிம்மில் போடுவது

பழைய ரிம்மில் பீடிங்கைப் பிடித்து வைக்கும் உள்மேடு கிடையாது. ட்யூப் வகை என்று எழுதியதையே வாங்குங்கள்.

தேதி

பக்கச்சுவரில் கடைசி நான்கு இலக்கம்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத் தயாரிப்பு. மூன்று இலக்கம்தான் இருக்கிறது என்றால் அது 2000-க்கு முந்தைய டயர், திருப்பிக் கொடுங்கள். அரிய அளவு என்பதற்காகக் கெட்டிப்பட்ட டயரை வாங்குகிறார்கள். டிரையல்ஸ் டயரின் உயிரே மிருதுவான ரப்பரில் இருக்கிறது. நகத்தால் அழுத்தினால் தடம் விழுந்து மறைய வேண்டும்.

முள்ளை எடுக்காமல் ட்யூபை மாற்றுவது

சாயல்குடி முதல் தொண்டி வரை தடம் எங்கும் சீமைக்கருவேலும் உடைமரமும்தான். முள் டயருக்குள் நுழைந்து முனை ஒடிந்து நிற்கும், வெளியே ஒன்றும் தெரியாது. புது ட்யூப் போட்டு இரண்டு கிலோமீட்டர் போனதும் மறுபடி பஞ்சர். பழைய வேட்டித் துணியை உருட்டி டயரின் உள்சுற்று முழுக்கத் தேயுங்கள், இரண்டு திசையிலும். நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே முனை இருக்கிறது. குறடால் உள்பக்கமிருந்தே இழுங்கள். வெளியே தள்ளப் பார்த்தால் இன்னும் ஒடியும்.

ட்யூபுக்கும் டயருக்கும் நடுவே டால்க் பவுடர் தூவுங்கள்.

உப்பை மறப்பது

கடல்நீர் பட்ட அன்றே நல்ல தண்ணீரில் ரிம்மையும் ஸ்போக் நிப்பிள்களையும் கழுவுங்கள். ரிம் லாக் போல்ட், வால்வுத் துளை வழியாகத்தான் உப்புநீர் உள்ளே போகும், போல்ட்டுக்கு ரப்பர் வாஷர் போடுங்கள். டயரைக் கழற்றும்போதெல்லாம் ரிம் டேப்பை எடுத்துப் பாருங்கள். அதன் அடியில் கிளம்பும் துருச் செதில் ட்யூபை உப்புத்தாள்போல் அராவும்.

டிரையல்ஸ் டயரிலேயே கிழக்குக் கடற்கரைச் சாலையில் தினமும் போவது

சித்திரை வெயில் தாரில் கட்டங்களின் கூர்விளிம்பு சீக்கிரமே உருண்டுவிடும். விளிம்பு போன டயரைப் பாறையில் நம்பாதீர்கள். திசை அம்புக்குறி இல்லாத பின்டயராக இருந்தால் கழற்றித் திருப்பிப் போடலாம், மறுபக்க விளிம்பு கொஞ்ச நாள் தாங்கும். தினப்படி சாலைக்கு வேறு ஒரு ஜோடி சக்கரம் வைத்துக்கொள்வதே மலிவு.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடற்கரை மணலில் இறங்குவது

பங்குனி ஆமை என்னும் கடலாமை கரையேறி முட்டையிடும் காலம் அது. கரையில் இறங்காமல் பனங்காட்டுத் தடத்திலேயே பழகுங்கள்.